நான் அந்த வகை இல்ல

பிரவுசிங் சென்டரில் பிரிண்டர் இழுத்து இழுத்துத் தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. கேரளத் தலைநகரின் சாலைக் கடைத்தெருவில் மழை. உள்ளே நனைந்த குடைகளின் வாடை. ஜெயன் கால்மாற்றி நின்றான். பின்னால் யாரோ எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

“இதென்ன படம் மக்கா?”

அப்பா கடைக்கு எதிர்க்கடை வெல்ல வியாபாரி தாசையன். வாட் வரிக் காகிதங்களை நகல் எடுக்க வந்திருந்தார். தாளில் இருந்தது டெல்லியில் அந்த மாதம் எடுத்த படம். ஒருபால் உறவு குற்றமில்லை என்று ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்ன அன்று, இரண்டு வாலிபர்கள் தெருவில் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள்.

“காலேஜுக்கு உள்ளதாக்கும் மாமா. பிரசன்டேஷன்.”

“ஓ” என்றார் தாசையன். அந்த ‘ஓ’ சற்று நீளமாக இருந்தது.

2009 ஜூலை அது. சமூகவியல் வகுப்பில் ஜிஷா டீச்சர் தலைப்புகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டபோது, ஜெயனுக்கும் சுஜினுக்கும் வந்தது ‘ஒருபாலீர்ப்பாளர் உரிமைகளின் வரலாறு’. வகுப்பே ஊளையிட்டது. ஜெயன் சீட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டான். சுஜின்தான், “இருக்கட்டும்டே, படிச்சுப் பாக்கலாமே” என்றான்.

சுஜின் நாகர்கோவில் போகும் வழியிலுள்ள பாறசாலைக்காரன். தைக்காட்டில் ஒரு அறையில் தங்கிப் படித்தான். அதிகம் பேசமாட்டான். ஆனால் இந்த வேலையில் அவன் காட்டிய முனைப்பைக் கண்டு ஜெயனுக்கே ஆச்சரியம். 1860இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்த 377ஆம் பிரிவு, அதே வெள்ளைக்காரன் 1967இல் தன் நாட்டில் அப்படிப்பட்ட சட்டத்தைத் தளர்த்தியது, 1999இல் கல்கத்தாவில் நடந்த ஊர்வலம் எல்லாவற்றையும் தேடி எடுத்தான். பப்ளிக் லைப்ரரியில் பழைய பேப்பர்களைப் புரட்டி, கேரளத்தில் ஒருவரையொருவர் விரும்பி ஒன்றாகச் செத்துக் கிடந்த பெண்பிள்ளைகளைப் பற்றிய நாலுவரிச் செய்திகளை எழுதி வந்தான்.

பிரிண்ட் எடுத்த மறுநாள் சாயங்காலம் ஜெயனை அவன் அப்பா நயினார் தன் கடைக்கு வரச் சொன்னார். ஆரியசாலையில் அவருக்கு வத்தல் மிளகாயும் மல்லியும் மொத்த வியாபாரம். கடைமுன்னால் தாசையனும் இன்னும் மூன்று வியாபாரிகளும் சாயா குடித்துக்கொண்டு நின்றார்கள்.

நயினார் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. “எலே, தெருவுல என்னமோ பேசுகானுவ. ஒன் அக்காளுக்கு நாகர்கோவில்ல எடம் பேசி வருது. அவனுவ காதுக்குப் போனா என்னாவும்? நீயே சொல்லீரு, இவங்க கேக்க.”

ஜெயனுக்குக் காது சுட்டது. அப்போதுதான் சுஜின் சார்ட் பேப்பரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையிலிருந்து கடைக்குள் ஏறினான்.

“சத்தியமா நான் அந்த வகை இல்ல” என்றான் ஜெயன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தாசையனின் முகத்தில் இன்னும் கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருந்தது. “அதெல்லாம் நெனச்சாலே எனக்கு அருவருப்பாக்கும் மாமா. எவனாவது அப்பிடீன்னு தெரிஞ்சா, நானே செவிட்டுல ஒண்ணு குடுப்பேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நயினாரின் முகம் தெளிந்தது. சுஜினும் சிரித்தான். ஆனால் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் அவன் ஆரம்பித்தான்.

அடுத்த நாள் சுஜின் கல்லூரிக்கு வரவில்லை. போன் அணைந்திருந்தது. திங்கட்கிழமை பிரசன்டேஷன், பாதி விஷயம் அவன் கையில். முதலில் ஜெயனுக்கு எரிச்சல்தான் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தைக்காட்டுக்கே போனான்.

“பெட்டியோட இப்பத்தான் எறங்கிப் போனான். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு” என்றார் வீட்டுக்காரர். “இனி படிக்க வரலேன்னு சொன்னான், கேட்டோ.”

ஜெயன் ஓடினான். தம்பானூரில் நாகர்கோவில் பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. சுஜின் ஜன்னலோரம் இருந்தான்.

“லேய், என்னடே இது? சொல்லாம போற?”

சுஜின் திரும்பிப் பார்த்தான். ஜன்னல் கம்பி வழியாகக் கன்னத்தைக் காட்டினான். “செவிட்டுல அடிப்பேன்னு சொன்னியே, அடி. பஸ் எடுக்கதுக்குள்ள அடி.”

ஜெயனுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது அவன் முதலில் செய்தது, சுற்றுமுற்றும் பார்த்ததுதான். தெரிந்த முகம் ஏதாவது நிற்கிறதா என்று. அதைச் சுஜின் பார்த்துவிட்டான். கண்ணை எடுத்துக்கொண்டான்.

பஸ் நகர்ந்தது. ஜெயன் இரண்டு எட்டு வெளியே நடந்தான். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பி ஓடி, கண்டக்டர் திட்டத் திட்ட படியில் தாவி ஏறினான்.

சுஜினின் பக்கத்தில் ஒரு மீன்காரி இருந்தாள். ஜெயன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குசுகுசுவென்று பேசினான்.

“எனக்குத் தெரியாதுடே. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்.”

“தெரியாததுனாலதான் உள்ளத சொன்ன.”

“தப்புத்தான். மன்னிச்சிரு.”

“வீட்டுலயும் இதான், சர்ச்சுலயும் இதான். நீ ஒருத்தனாவது மாத்திப் பேசுவேன்னு நெனச்சுட்டேன். ஒண்ணா ஒக்காந்து இத்தன படிச்சோமே, அதுனால.” சுஜின் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். “இப்ப யாருக்கும் கேக்காம எங்கிட்ட மன்னிப்பு கேக்க. அன்னைக்கு சொன்னது நாலு பேரு கேக்கல்லா?”

மீன்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜெயன் வழியிலேயே, பாலராமபுரத்தில் இறங்கினான்.

நேராக ஆரியசாலைக்குத்தான் போனான். தாசையன் கடை வாசலில் நின்றார், அப்பா கல்லாவில். ஆறப்போட்டால் வாய் வராது என்று தெரிந்தது.

“மாமா, அன்னைக்கு நான் அடிப்பேன்னு சொன்னது தப்பு. நான் அந்த வகை இல்ல. ஆனாலும் அப்பிடி உள்ளவங்களும் மனுசங்கதான். அவங்கள அப்பிடிச் சொல்லப்பிடாது.”

“நீ இல்லல்லா? அது போதும் மக்கா” என்றார் தாசையன், நிம்மதியாக.

“இத போய்ச் சொல்லதுக்கா ஓடி வந்த? கல்யாணம் முடியது வரைக்கும் வாய வச்சுக்கிட்டு சும்மா இருலே” என்று நயினார் கத்தினார்.

சொல்லியும் மனம் ஆறவில்லை. அன்றும் மறுநாளும் வீட்டில் ஓரிடத்தில் இருக்கமுடியாமல் நடந்துகொண்டே இருந்தான். தாசையனின் ‘அது போதும்’ காதைக் குடைந்தது. தான் சொன்னதில் முதல் பாதியை மட்டும்தான் அவர் கேட்டிருக்கிறார். அந்த முதல் பாதியை எதற்காகச் சொன்னோம்? தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. ‘நான் இல்ல’ என்று பத்திரமான இடத்தில் ஏறி நின்றுகொண்டு, கீழே நிற்பவனுக்கு இரக்கம் காட்டியதுபோல இருந்தது.

சனிக்கிழமை சுஜினுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான். ‘கடையில் சொன்னேன். பாதிதான் சரியாகச் சொன்னேன். மீதியைத் திங்கட்கிழமை சொல்கிறேன். நீ வந்தால் கேட்கலாம்.’ பதில் இல்லை.

திங்கட்கிழமை காலை, ஜிஷா டீச்சர் பெயரைக் கூப்பிட்டபோது ஜெயன் தனியாகத்தான் எழுந்தான். வாசலில் ஒரு நிழல் விழுந்தது. சுஜின். தோளில் பை, சட்டையெல்லாம் மழை. ஒன்றும் பேசாமல் வந்து சார்ட்டின் மறு முனையைப் பிடித்துக்கொண்டான்.

ஜெயன் 1860இலிருந்து ஆரம்பித்தான். அவன் தன் பங்கை முடிப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

“எடா, உங்களில ஆராணு அது? ரெண்டாளுமோ?”

உங்களில் யார் அது, ரெண்டு பேருமா என்று கேட்டதும் வகுப்பு கொல்லென்று சிரித்தது. சார்ட் ஒரு பக்கம் சரிந்தது. சுஜினின் பக்கம். ‘நான் இல்ல’ என்ற சொல் ஜெயனின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் மிஞ்சுவது ஒருவன்தான். அவன் அதை விழுங்கினான். சாயங்காலத்துக்குள் இது ஆரியசாலைக்குப் போய்விடும் என்று தெரியும். அக்காவை நினைத்தான்.

“நான் மறுமொழி சொல்லமாட்டேன்” என்றான்.

டீச்சர் அதட்ட வாயெடுத்தார். ஜெயனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சிரிப்பு மெல்ல அடங்கியது. பிறகு அவன் மலையாளத்தில் பேசியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“போன வாரம் இதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். நான் அப்படி இல்லை என்று சத்தியம் செய்தேன். நாலு பேர் சிரித்தார்கள், நான் தப்பித்தேன். என் சத்தியத்தைக் கேட்டு யார் கூனிக் குறுகிப்போனான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. நாங்கள் தேடிய வரலாறு முழுக்கச் சட்டமும் கோர்ட்டும்தான். ஆனால் ஒருத்தனை ஊரைவிட்டு விரட்ட சட்டம் வேண்டாம், நம் சிரிப்பே போதும். சட்டத்தை ஜட்ஜு திருத்துவார். சிரிப்பை நாம்தான் நிறுத்த வேண்டும். அது யார் என்று தேடாதீர்கள். யாராக இருந்தாலும் அவன் நம் பக்கத்து பெஞ்சில் பயமில்லாமல் இருந்து படிக்க வேண்டும்.”

பின்பெஞ்சில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஜெயன் சார்ட்டைத் தன் கைக்கு மாற்றி வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றான். சுஜின் ஒரு அடி முன்னால் வந்து, பாதியில் நின்ற வரலாற்றைத் தொடர்ந்து சொல்ல ஆரம்பித்தான்.