ஜோடி ரேம்

மைசூர் விஜயநகரில் குருபிரசாத் தன் வீட்டுக் கணினியில் இரண்டாவது ரேமைப் பொருத்திய அன்று, அவர் மனைவி அன்னபூர்ணிக்கு, தான் கால் வைத்தே இராத ராமாபுரத்தில் மஞ்சள் வேகவைத்த ஞாபகம் வந்தது. ஹனூர் பக்கத்து அந்த ஊரின் பெயரை அதுவரை அவள் பஸ் போர்டில்தான் பார்த்திருந்தாள். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "இந்தத் தடவை மஞ்சள் சரியா வேகலை, நடுவிலே வெள்ளையா நிக்கறது" என்றாள். எந்த மஞ்சள் என்று குருபிரசாத் கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் புகை பட்ட கண் இன்னும் எரிகிறது என்று முகம் கழுவப் போனாள்.

அன்னபூர்ணி வீட்டிலிருந்தபடியே அச்சகங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுப்பவள். தமிழிலும் கன்னடத்திலும் செய்வாள். கொஞ்ச காலமாக, மணமக்கள் படத்தைத் திறந்தாலே கணினி திகைத்து நின்றுவிடும். ரயில்வே பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த குருபிரசாத், எதையும் பொருந்துமா என்று பார்க்காமல் பொருத்துகிறவர் இல்லை. மூடியைக் கழற்றி மதர்போர்டில் அச்சிட்டிருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். அது டிடிஆர் வகை ரேமின் மூன்றாம் தலைமுறைக்கானது. அடுத்த தலைமுறை ரேமில் அடிப்பக்கத்து வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினால் உடையுமே தவிர உட்காராது. மின்னழுத்தம் ஒத்துப்போக வேண்டும். வேகம் வேறுபட்டால், இரண்டும் மெதுவானதன் நடைக்கே நடக்கும். அந்தத் தலைமுறையில் புதிது கிடைப்பது அரிதாகிவிட்டதால் நஞ்சுண்டசாமியின் பழைய கணினிக் கடையில் ஒன்றை வாங்கி வந்தார். வேகம் சற்றுக் குறைவு, மற்றபடி எல்லாம் பொருந்தியது. அதற்கு முன் அது யாருடையதாக இருந்தது என்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி எங்கும் போட்டிருக்கவில்லை.

ரேம் கணினியின் தற்காலிக நினைவகம், மின்சாரம் நின்றால் அதில் ஒன்றும் தங்காது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இதில் தங்கியிருந்தது. அடுத்த வாரங்களில் அன்னபூர்ணிக்கு ஒரு சிறுமிக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிய ஞாபகமும், ஊதுபத்தி உருட்டிக் கை கறுத்த ஞாபகமும், முட்டைகூட வாங்காத அந்த வீட்டில் நாட்டுக்கோழிச் சாற்றின் ருசியும் வந்து சேர்ந்தன. எல்லாமே பின்பாதிகள். பின்னி முடித்த ஜடை தெரியும், பின்னத் தொடங்கியது தெரியாது. குருபிரசாத் முதலில் இதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். கோழிச் சாறு எப்படி இருந்தது என்றுகூட விசாரித்தார். ஒரு மத்தியானம் அவள் மானிட்டர் முன்னால் உட்கார்ந்து தேம்பி அழுதபோதுதான் பயந்தார். வாசலில் ஓர் ஆணின் குரல் அவளுக்குக் கேட்டிருந்தது. முகம் இல்லை. "இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

"யாரோ யார்கிட்டயோ சொன்னது. ஹோகலி விடு, அன்னம்" என்றார் குருபிரசாத்.

"என்கிட்டன்னா சொன்னார்" என்றாள் அன்னபூர்ணி.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நஞ்சுண்டசாமி கடைக்குப் போனார். நஞ்சுண்டசாமி விஷயத்தைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. பழைய ஹார்ட் டிஸ்கில் இதைவிட மோசமாக நடந்ததுண்டு என்றார். அந்த ரேம் ஒரு ஜோடியில் ஒன்று. மேட்டகள்ளியில் இருக்கும் அனுப்ரியா என்ற கல்லூரிப் பெண் விற்றது. இன்னொன்று அவள் வீட்டுக் கணினியிலேயே இருக்கிறது.

அனுப்ரியாவின் அம்மா மாரியம்மா ஊதுபத்தி கம்பெனியில் வேலை செய்பவள், ராமாபுரத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவள். புருஷன் கந்தசாமி சென்ட்ரிங் மேஸ்திரி. முந்தின வருஷம் மேட்டூர்ப் பக்கம் ஒரு வேலைக்கென்று பைக்கில் போனவர், பாலாறு செக்போஸ்ட் தாண்டி ஒரு வளைவில் சறுக்கி விழுந்து இறந்துபோனார். அவர் பழையதாக வாங்கிப் போட்டிருந்த கணினியில் ஒரு ஸ்லாட் கருகிப்போனதால், அதிலிருந்த ரேம் சும்மா கிடக்கிறதே என்று மகள் விற்றாள். அன்றிலிருந்து மாரியம்மாவுக்கு எதிலும் முன்பாதிதான் ஞாபகம் இருந்தது. அடுப்பு பற்றவைத்தது தெரியும், சாப்பிட்டது தெரியாது. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்.

குருபிரசாத்தோடு மேட்டகள்ளி வீட்டுக்குப் போன அன்னபூர்ணி உள்ளே நுழைந்ததும், யாரும் சொல்லாமலே சரியான ஆணியில் பையை மாட்டினாள். மாரியம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குருபிரசாத் விவரம் சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஏனுங்க, அப்ப அவரு கடைசியாப் பேசுனது உங்களுக்குத் தெரியுங்களா? வண்டியத் தொடைச்சாரு. என்னையக் கூப்புட்டாரு. கையக் கழுவிட்டு வாசலுக்கு வந்தேன். என்னமோ சொல்ல வாயெடுத்தாரு. அப்புறம் ஒன்னுமில்லீங்க, சுண்ணாம்பு அடிச்சாப்பல இருக்குது. அழுதது மட்டும் தெரியுது. சண்டை போட்டமா, நல்லபடியாப் போனாரான்னு தெரிஞ்சாப் போதுமுங்க."

அன்னபூர்ணியின் தொண்டைவரை அந்த வாக்கியம் வந்தது. தன் புருஷன் சொன்னது மாதிரி தன்னை அழவைத்த வாக்கியம். அதை இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. "எனக்கும் பாதிதான் இருக்கு. பாதியை வச்சு எதையும் சொல்லக் கூடாது" என்றாள். மாரியம்மா தான் கொடுத்த காபி டம்ளர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் குருபிரசாத் நினைத்தார். அந்தக் கணினியின் கருகிய ஸ்லாட்டில் டார்ச் அடித்துப் பார்த்ததும், அதில் எதுவும் இனி உட்காராது என்று தெரிந்தது. ஜோடியாக ஓடியவற்றில் ஒவ்வொரு விஷயமும் இரண்டிலும் மாறிமாறிப் பரவிக் கிடக்கும், சேர்த்து வைத்தால்தான் முழுசாகப் படிக்கும். சேர்த்து வைக்க இருந்த இடம் அவர் வீட்டுக் கணினி. அதில் இருப்பது இரண்டே ஸ்லாட். முதல் ஸ்லாட்டில் அன்னபூர்ணியின் பழைய ரேம் இருந்தது. வீடு திரும்பும்போது அவர் ஸ்கூட்டரை ரொம்ப மெதுவாக ஓட்டினார்.

"உன்னோட பழைய ரேமை எடுத்தா நீ என்னை மறந்துடுவே" என்றார் அன்றைக்குச் சாயங்காலம்.

"மறந்தா மறுபடி அறிமுகம் பண்ணிக்குங்கோ. இத்தனை வருஷத்திலே கொஞ்சம் நன்னா பண்ணிக்க வரும்" என்றாள் அவள்.

"விளையாடாதே."

"விளையாடலை. அந்தக் குரல் எனக்குள்ளே இருக்கு. அவளுக்குச் சேர வேண்டியதை நான் வச்சுண்டு எப்படிச் சாப்பிடறது?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மா தன் பாதி ரேமை ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். குருபிரசாத் மின்சாரத்தை நிறுத்தினார். இரும்புச் சட்டத்தைத் தொட்டுக் கையின் நிலைமின்சாரத்தைப் போக்கினார். பிறகு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்தத் திருகைக் கழற்றும்போதும் வந்திராத தயக்கத்தோடு அன்னபூர்ணியின் ரேமைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஜோடியின் வெட்டுகள் சரியாக உட்கார்ந்தன. பொத்தானை அழுத்தியதும் கணினி ஒருமுறை கூவித் திறந்தது.

மாரியம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, வேறொருவர் பேசுவதை ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள். "'அந்தப் புள்ளைக்கு நல்ல மிஷினா ஒன்னு வாங்கிக் குடுக்காம, இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்.' அதானுங்க சொன்னது. நான் சிரிச்சேன். 'பொழுது சாயறதுக்குள்ள பசிச்சு வந்துருவீங்க, போங்க'ன்னேன். அவரும் சிரிச்சாரு." அவள் சிரித்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சொன்னபடியே மிதிக்கலீங்க" என்றாள்.

பக்கத்து நாற்காலியில் அன்னபூர்ணியும் அதே நேரத்தில் சிரித்து, அதே நேரத்தில் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிரில் சட்டைப் பையைப் பிடித்தபடி நிற்கும் மனிதரைப் பார்த்து மரியாதையாக, "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

"குருபிரசாத். ரயில்வே பட்டறையிலே இருந்தேன்" என்றார் அவர்.

"உக்காருங்கோ. காபி சாப்பிடறேளா?"

சர்க்கரை வியாதி வந்து வருஷக்கணக்காகச் சர்க்கரையே தொடாதவருக்கு அவள் தாராளமாகச் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். எந்த ஊர் என்று அவள் கேட்டாள். அவர் சொல்லத் தொடங்கினார். தன் தாத்தா எந்த ரயிலில் மைசூருக்கு வந்தார், தான் எப்படிப் பெண் பார்க்கப் போன இடத்தில் பேச்சு வராமல் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார் என்றெல்லாம், மனைவியிடம் அதுவரை சொல்லாததையும் சேர்த்துச் சொன்னார். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். மாரியம்மா இதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "ஐயா, போதுமுங்க. அவங்களுதைப் போட்டு விடுங்க" என்றாள்.

போட்டுவிட்டார். ஆனால் அத்தோடு விடவில்லை. அடுத்த மாதமே நஞ்சுண்டசாமியிடம் சொல்லி, அதே தலைமுறையில் நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டு ஒன்றைத் தேடிப் பிடித்தார். ஜோடியை ஜோடிக்கென்று ஒரே நிறமிட்ட ஸ்லாட்டுகளிலும், அன்னபூர்ணியுடையதை அடுத்த நிற ஸ்லாட்டிலும் பொருத்தினார். மூன்றும் மெதுவானதன் வேகத்துக்கே ஓடின, அதனால் அந்த வீட்டில் குக்கர் விசில் வரக்கூட முன்னைவிடச் சற்று நேரமாகிறது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மாரியம்மாவுக்குச் சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. அன்னபூர்ணிக்கு இரண்டு வாழ்க்கையும் முழுசாக இருக்கின்றன. பேச்சில் எப்போதாவது கொங்குத் தமிழ் வந்து விழும். பத்திரிகை வேலை தடையில்லாமல் நடக்கிறது. அனுப்ரியா பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, முதல் வருஷத்திலேயே தனக்கொரு புதுக் கணினி வாங்கிக்கொண்டாள். அதைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுப் படியேறிய அன்று இரண்டு அம்மாக்களும் வாசலில் நின்றார்கள்.

வருஷா வருஷம் கந்தசாமி இறந்த நாளன்று மேட்டகள்ளி வீட்டில் படையல் போடுகிறார்கள். அவருக்குப் பிடித்ததைச் சொல்லுங்கள் என்றால் இரண்டு பெண்களும் ஒரே குரலில் தில்பசந்து என்பார்கள். காலையிலேயே பேக்கரிக்குப் போய் அதை வாங்கி வருவது குருபிரசாத்தின் வேலை. வட்டமாக, தேங்காய் நிறைய இருப்பதாகப் பார்த்து எடுப்பார். பேக்கரிக்காரர் ஒருமுறை, உங்களுக்குத்தான் இனிப்பு ஆகாதே, யாருக்கு சார் என்று கேட்டார்.

"சம்சாரத்து வழியிலே ஒருத்தர்" என்றார் குருபிரசாத். "தவறிட்டார்." பெட்டியை நூல் போட்டுக் கட்டச் சொல்லி, நசுங்காமல் ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக்கொண்டு கிளம்பினார்.