கல்மானின் மகன்

விடிகாலையில் எங்கள் யூத ஜெப ஆலயத்தைத் திறக்கும்முன் கதவை மூன்று முறை தட்டுவேன். இரவெல்லாம் உள்ளே தொழுத இறந்தவர்கள் விலகிப் போக அவகாசம் வேண்டுமே. லித்துவேனியாவில் எங்கள் ஊரில் எனக்கு முன் இந்த வேலை பார்த்தவரும் அப்படித்தான் செய்தார்.

அந்தத் திங்கட்கிழமை என்னோடு கெட்ஸல் நின்றிருந்தான். கூரை வேய்கிறவன், பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வராது. தினமும் முதல் ஆளாக வந்துவிடுவான். ஆனால் தொழுகைக்கு வேண்டிய பத்து ஆண்களில் அவனை யாரும் சேர்த்ததில்லை. அவன் அடுப்போரம் உட்கார்ந்திருக்கும்போதே, பத்தாவது ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்போம். "நாம ஒன்பதரை பேருப்பா," என்பான் கசாப்புக்காரன் பெரிஷ்.

தட்டினேன். உள்ளிருந்து ஒரு குரல் ராகத்தோடு அழைத்தது: "கல்மான் மகன் கெட்ஸலே, தோரா வாசிக்க எழுந்து வா!"

செத்தவர்கள் கூப்பிட்டுப் போனவன் அந்த வருஷம் தாண்டமாட்டான் என்பார்கள். அதைவிட வேறொன்று குத்தியது. வேதம் வாசிக்க அழைக்கும்போதுதான் ஒருவனை அப்பா பெயரோடு கூப்பிடுவோம்; கெட்ஸலை நாங்கள் அழைத்ததேயில்லை. அவன் அப்பா பெயர் கல்மான் என்பது முப்பது வருஷத்தில் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கெட்ஸல் தன் நெஞ்சைத் தொட்டு, 'என்னையா?' என்பதுபோல் பார்த்தான். அவனுக்குக் கேட்டிருந்தது.

"போகாதேடா!" என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டு உள்ளே போய்விட்டான்.

எங்கள் குரு ரப்பி அஷெர் வீட்டுக்கு ஓடினேன். அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பும் வழியில் பெரிஷும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நாங்கள் நுழைந்தபோது கெட்ஸல் மேடையில் நின்றான். தோரா வேதச் சுருள் அந்த வாரம் வாசிக்க வேண்டிய பகுதியில் விரிந்திருந்தது. அதன் பெட்டகச் சாவியோ என் இடுப்பில் இருந்தது. அவன் தோளில் யாருடையதோ ஒரு தொழுகைச் சால்வை. ஒரு மூலைக் குஞ்சம் அறுந்திருந்தது. பிணத்துக்குப் போர்த்தும்போதுதான் நாங்கள் அப்படி அறுப்போம்.

"ரப்பி, நாம ஒன்பது பேருதான் இருக்கோம்," என்றான் பெரிஷ். "இவனையும் சேர்த்தா..."

"சேர்த்துத்தான்டா ஆகணும். அப்பன் பேரைச் சொல்லி அவங்களே கூப்பிட்டுட்டாங்க. இல்லேன்னு சொல்ல நாம யாரு?" என்றார் ரப்பி.

கெட்ஸல் வாயைத் திறந்தான். வார்த்தையில்லாத ஒரு சத்தம் எழுந்து, வாசிக்குமுன் சொல்லும் ஆசீர்வாதம் முடிகிற இடத்தில் சரியாக நின்றது. "ஆமென்," என்றோம். நாங்கள் சொல்லி முடித்த பிறகும், மேலே பூட்டிக் கிடந்த பெண்கள் மாடத்திலிருந்து ஆமென் வந்துகொண்டேயிருந்தது. அதில் ஒரு குரல் செத்துப்போன தன் அம்மாவுடையது என்று பெரிஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சால்வையை இடுகாட்டில் புதைத்தோம். அந்த வருஷம் கெட்ஸல் சாகவில்லை. இன்னும் பதினொரு வருஷம் பத்துப் பேரில் ஒருவனாக நின்றான். அவன் பக்கத்து இடத்தை பெரிஷ் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.