பின் கதவுக்கு நாலு சொட்டு

காலர் அக்கா என்றால் அந்தத் தையல் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். காலர் தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, வாயிலும்தான். ஆனால் முதலாளி வந்து நின்றால் பெட்டிப் பாம்பாய் அடங்கிவிடுவாள். அவள் மகளும் அங்கேதான் பட்டன் வைக்கிறாள், கூடத்தின் கடைசியில், பின் கதவை ஒட்டி.

போன மாதம் ஒரு கட்டுச் சட்டை காணாமல் போனது. முதலாளி பின் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். இனி வெளியே போக ஒரே வழி முன்வாசல்தான். அதற்கும் துணிமூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கி நடக்க வேண்டும். மகள் இடத்திலிருந்து அறுபத்திரண்டு அடி. அக்கா நடந்தே எண்ணியிருந்தாள்.

அதன் பிறகு மத்தியானமானால் ஒருத்திக்குக் கை நடுங்கும், ஒருத்திக்கு மூச்சு முட்டும். இஸ்திரிப் பெட்டியிலிருந்து லேசாகத் தீய்ந்த வாடை வந்தால் போதும், நாற்பது தலைகளும் திரும்பும்.

வேலை கெடுகிறதே என்று முதலாளி தன் தங்கையைக் கூட்டிவந்தார். பூக்களிலிருந்து மருந்து எடுக்கப் படித்தவள். ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவள்.

"எதுக்குன்னே தெரியாத பயம்தானே?" என்று கேட்டாள்.

முதலாளி பக்கத்தில் நிற்கிறார். வேறென்ன செய்வார்கள்? எல்லோரும் தலையாட்டினார்கள். நாக்குக்கு அடியில் நாலு சொட்டு விட்டாள்.

பத்து நாளாகியும் பயம் இம்மியும் நகரவில்லை. பதினோராம் நாள் மகள் விரலில் ஊசி ஏற்றிக்கொண்டாள். அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"எதுக்குன்னு நல்லாவே தெரியும்மா. அந்தப் பூட்டுதான். தீ கீ பிடிச்சா என் பொண்ணு எந்த வழியா வெளிய வருவா?"

மெஷின்கள் நின்றன. தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடடா! இத முதல்லயே சொல்லக் கூடாதா? இத்தனை நாளும் தப்பால்ல பண்ணிட்டு இருந்திருக்கேன்!"

அப்பாடா என்றிருந்தது அக்காவுக்கு.

மறுநாள் வேறு பாட்டில் வந்தது.

"இது மஞ்சப் பூ. காரணம் தெரிஞ்ச பயத்துக்கு. எதுக்குப் பயம்னு வாயால சொல்லிட்டு வாங்கிக்கணும், அப்பத்தான் கேக்கும்."

வரிசையில் நின்றார்கள். "பின் கதவு." நாலு சொட்டு. "பின் கதவு." நாலு சொட்டு. நாற்பது பேரும் அதையேதான் சொன்னார்கள். சாவி இருந்த பைக்குள் கையை விட்டபடி முதலாளி கடைசிவரை நின்று கேட்டார். தங்கையின் அக்கறையை மெச்சிவிட்டு உள்ளே போனார். அக்காவும் சொன்னாள், விழுங்கினாள்.

மத்தியானம் மகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பூட்டிய கதவில் நிம்மதியாக முதுகைச் சாய்த்திருந்தாள்.

"அம்மா, இது நல்லாக் கேக்குதும்மா. இப்ப எனக்குப் பயமே இல்ல."

காலர் அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது.