ஒரே சிவப்பு

பன்னிரண்டு வருடம் மற்ற ஓவியர்களின் சுவர்களில் கோடு பிசகாமலிருக்க டேப் ஒட்டிக் கொடுத்தேன். வெனிசுவேலாவின் மராக்காய்போவில் நூல் பிடித்தாற்போல் கோடு வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். திறப்பு விழாவுக்கு மட்டும் கூப்பிட மறந்துவிடுவார்கள். எழுபத்தைந்தாம் வருடம் புதிய பேருந்து நிலையத்துச் சுவர் எனக்கே எனக்கென்று கிடைத்தது. அறுபது மீட்டர் நீளம். வலது கோடியில் 'சொராய்தா உர்தானெத்தா' என்று என் பெயரை எழுதப்போகிறேன். எழுத்து எவ்வளவு உயரம் என்பது வரை முடிவு செய்து வைத்திருந்தேன்.

மொத்தம் நாலே நிறம். சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை. விரல் அகலத்துக்கு நெட்டுக்கோடுகள். இடது பக்கம் சிவப்புக்கு இடையில் நீலம், நடுவில் வெள்ளை, வலது பக்கம் மஞ்சள். சாலையில் நின்று பார்த்தால் இடது பக்கச் சிவப்பு ஊதாவாகிவிடும், வலது பக்கச் சிவப்பு ஆரஞ்சாகிவிடும். பேருந்தில் உட்கார்ந்து கடந்துபோனால் சுவரே ஓடும். செய்தவள் நான்தான், சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சனிக்கிழமை ஆளுநர் வருகிறார். வியாழக்கிழமை காலை நிலையத்தைக் கட்டும் இன்ஜினியர் அஸ்த்ரூபால் மொந்தியா கையில் ஒப்பந்தத் தாளோடு வந்து நின்றார்.

"ஒரே சிவப்புன்னுதான் இதுல எழுதியிருக்கு சென்யோரா. எனக்கு மூணு சிவப்பு தெரியுது."

"உங்களுக்குத் தெரியும். அதுக்குத்தானே இவ்ளோ பாடுபட்டேன்."

"கண்டதைக் கலந்து அடிச்சா இந்த வெயில்ல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா வெளுக்கும். சொறி நாய் மாதிரி ஆயிடும் சுவரு. சாம்பல் பெயின்ட் வந்து இறங்கியாச்சு. நாளைக்கு மொத்தமா அடிச்சிடப்போறேன்."

சாம்பல் பீப்பாய்கள் ஏற்கெனவே வாசலில் வரிசையாக நின்றன. பார்த்ததும் நான் இன்ஜினியருக்கு நேர் எதிரே போய் நின்றேன். என்னோடு சாரத்தில் ஏறுகிற எயூதெஸ் என் மகளுக்கு ஞானத்தகப்பன்; அந்த உறவில் அவனுக்கு நான் கொமாத்ரே, எனக்கு அவன் கொம்பாத்ரே. அவன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"மெதுவா பேசுங்க கொமாத்ரே."

நான் மெதுவாகப் பேசிப் பழகியவளில்லை. ஒரு சாம்பல் நிற அட்டையை எடுத்து, நடுவில் பொத்தான் அளவுக்கு ஓட்டை போட்டு இன்ஜினியரிடம் நீட்டினேன். அக்கம்பக்கத்து நிறத்தை மறைத்துவிட்டு உள்ளே இருக்கும் நிறத்தை மட்டும் காட்டும் அட்டை அது.

"இஷ்டப்பட்ட இடத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டாவது சிவப்பு ஒண்ணு கிடைச்சாலும் சாம்பலை நானே அடிச்சுத் தரேன்."

ஓட்டுநர்கள் காப்பியும் கையுமாகக் கூடிவிட்டார்கள். அவர் இடது கோடியில் வைத்தார். சிவப்பு. நடுவில் வைத்தார். அதே சிவப்பு. வலது பக்கம் நாலு இடத்தில் வைத்தார். அச்சு அசலாக அதே சிவப்பு.

"போதுமா சாமி?" என்று ஒரு ஓட்டுநர் கத்தினான்.

மனிதர் விடாக்கண்டர். வலது கோடியில் கிடந்த பெஞ்சை இழுத்துப் போட்டுவிட்டுக் குனிந்து அட்டையை வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

ஓட்டைக்குள் ஆரஞ்சு.

எப்படி வந்ததென்று எனக்கு உடனே தெரிந்தது. போன வாரம் பின்னோக்கி வந்த பேருந்து ஒன்று உரசி, அடியில் முழ உயரத்துக்கு ஏழு சிவப்புக் கோடுகள் போய்விட்டன. சிவப்பு டின் இடது கோடியில் இருந்தது. நடக்கச் சோம்பல். கையிலிருந்த தட்டில் மிச்சச் சிவப்பும் மஞ்சளும் இருந்தன. சுற்றிலும் ஆரஞ்சாகத்தானே தெரிந்தது? அதற்குப் பொருத்தமாகக் கலந்து அடித்துவிட்டேன். மறுநாளே நிலையத்தார் அதை மறைத்துப் பெஞ்சைப் போட்டுவிட்டார்கள். 'டின்னை நம்பு, கண்ணை நம்பாதே' என்று எயூதெஸை நூறு தடவை திட்டியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

எயூதெஸ் முன்னால் வந்தான். "நான்தான் தப்பா அடிச்சிட்டேன், இன்ஜினியரே."

"நீ சும்மா இரு கொம்பாத்ரே," என்றேன். "அடிச்சது நான். என் சுவரு என்னையே ஏமாத்திடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினியர் பீப்பாய்களைத் திரும்பிப் பார்த்தார்.

"சொன்ன சொல்லை நான் மாத்தமாட்டேன்," என்றேன். "சாம்பலை நானே அடிக்கிறேன். அதுக்கு முன்னாடி இதை மட்டும் சரிபண்ணிடணும். தப்போட மூட எனக்கு மனசில்ல. நீங்களே பண்ணுங்க. அதோ உடைக்காத சிவப்பு டின்."

எதற்கு ஒப்புக்கொண்டாரோ தெரியாது. மேலங்கியைக் கழற்றினார், டின்னை உடைத்தார், நான் ஒட்டிய டேப்புக்கு நடுவில் மண்டியிட்டு அடித்தார். ஒரு கோடு, இரண்டு, ஆறு. தூரிகையில் சிவப்பு, சட்டையில் சிவப்பு. நிமிர்ந்து, சாலைக்கு நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தார்.

"டேய்! எவன்டா டின்னை மாத்துனது?"

ஓடி வந்து அட்டையை வைத்தார். சிவப்பு. மறுபடி சாலைக்கு ஓடினார். ஆரஞ்சு. மூன்றாம் முறை ஓடும்போது ஓட்டுநர்கள் கை தட்டி எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என் கையால அடிச்சேன். எனக்கே ஆரஞ்சாத் தெரியுதே."

"அப்படித் தெரிஞ்சதைத்தான் நானும் நம்பிட்டேன், போன வாரம்."

அவர் தன் சட்டையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வாசல் பக்கம் திரும்பி, "அந்தச் சாம்பலைக் கழிவறைக்குக் கொண்டுபோய் அடிங்க," என்று கத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

ஏழாவது கோடு மிச்சமிருந்தது. அவர் மறுபடி தூரிகையை எடுக்க, நான் தடுத்தேன்.

"அது அப்படியே இருக்கட்டும்."

சனிக்கிழமை ஆளுநர் வந்து நடந்து பார்த்துவிட்டு, யார் செய்தது, பெயரே காணோமே என்று கேட்டார். இன்ஜினியர் குனிந்து, மறுபடி அங்கே போட்டிருந்த பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அந்த ஒற்றை ஆரஞ்சுக் கோட்டுக்குப் பக்கத்தில், விரல் உயர எழுத்தில், நான் எழுதி வைத்த என் பெயர் இருந்தது.