வெட்டப்பட்ட தசமங்கள்

ஆற்றோரச் சுவரை உயர்த்துவதா வேண்டாமா என்று நகர மன்றம் முடிவெடுக்கும் காலை. பருவநிலை ஆய்வாளர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அண்ணன் குடும்பம் அந்தச் சுவரை ஒட்டித்தான் குடியிருந்தது.

வரும் முப்பது வருடங்களில் ஆறு கரை புரளும் நாட்களைக் கணினி மாதிரியில் கணித்து நீலப் புள்ளிகளாகக் காட்டிய தாளை உறுப்பினர்களுக்குப் போன மாதமே கொடுத்திருந்தாள். இன்று அவர்கள் கைக்கு அதன் அழகான பிரதி வந்தது. அனுப்பியவன் அவளோடு வந்திருந்த அலுவலகக் கணினிக்காரன். கோப்பை, விசைப்பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் துடைப்பதால் அலுவலகத்தில் அவனுக்குத் துடைப்பான் என்று பெயர். தொடக்க வெப்பநிலைகளில் ஆறு தசம இடங்கள் அசிங்கமாகத் தெரிந்தனவாம். மூன்றோடு நறுக்கிவிட்டு, மாதிரியை மறுபடி ஓட்டியிருக்கிறான். புண்ணியவான்!

மன்றத் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தப்பு அவர் கண்ணுக்குத் தப்பாது. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார்.

"இதுல ஒரு தேதியில வெள்ளம். அதே தேதியில இதுல ஒண்ணுமே இல்ல. எதைம்மா நம்பறது?"

துடைப்பான் மேசைக்கடியில் எதையோ தேடத் தொடங்கினான். ஆய்வாளர் தாள்களை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

காற்றும் கடலும் பனியும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருப்பதால், தொடக்கத்தில் தூசியளவு மாறினாலும் எந்த நாளில் மழை என்பது தாறுமாறாகிவிடும் என்று சொன்னாள். தேதியை விட்டுவிட்டுப் புள்ளிகளை எண்ணச் சொன்னாள். பெரிய மனிதர்கள் எல்லோரும் விரல் வைத்து எண்ணினார்கள். பழைய தாளில் நாற்பத்தொன்று. புதியதில் நாற்பத்து மூன்று. புகை கூடாமல் இருந்திருந்தால் என்று ஓட்டிய மூன்றாவது தாளையும் நீட்டினாள். அதில் பன்னிரண்டுதான்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார்.

"நாளைக்கு எந்தப் பிள்ளை லேட்டா வரும்னு எனக்கு என்னைக்குமே தெரிஞ்சதில்ல. ஆனா மணியை அரைமணி முன்னாடி அடிச்சா எத்தனை பேர் லேட்டாகி வாசல்ல நிப்பாங்கன்னு சரியாச் சொல்லுவேன்." சற்று நிறுத்தினார். "இப்ப புகையைக் கூட்டி மணியை முன்னாடி அடிக்கிறது நாமதான். அப்படித்தானே?"

அவள் தலையசைத்தாள். முதலில் தலைவியின் கை உயர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும். சுவர் ஒரு மீட்டர் உயரும். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள்.

வாசலில் தலைவி அவளை நிறுத்தினார். "அடுத்த மாசக் கடைசியில பேத்திக்குக் கல்யாணம். மழை வருமா?"

"தெரியாதும்மா," என்றாள் அவள், சந்தோஷமாக.