இன்னூ தள்ளி

என் வீட்டுக்காரர் ஹரீஷ்குமாருக்கு நல்ல நாள் பார்த்துத்தான் கிறுக்குப் பிடிக்கும். நாலு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருக்கிற எனக்கு இன்றைக்குக் காலை ஏழு மணிக்குப் பர்மனென்ட் இன்டர்வியூ. ஏழு தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள், இனி அடுத்த வருஷம்தான். வழக்கம்போல ஆறேகாலுக்கு மெயின் ரோட்டில் வரும் கம்பெனி பஸ்ஸிலேயே சூளகிரி போய்விடுகிறேன் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

"இன்டர்வியூவுக்குப் போறவ பஸ்ல கசங்கிப் போவாளா? நான் கார்ல கொண்டுபோயி எறக்கறேன்."

அது இருபது வருஷத்துப் பழைய டீசல் கார். ஓசூர் மார்கழிப் பனியில் ஐந்தரை மணியிலிருந்து சாவியைத் திருகுகிறார். இருமுகிறதே தவிர எழுந்திருக்கிற வழியைக் காணோம்.

"ஒரே ஒரு தடவ, சுகுணா."

பதினோராவது ஒரே ஒரு தடவை அது. ஹீட்டர் பிளக் போய்விட்டது, மாற்றாவிட்டால் குளிரில் ஸ்டார்ட் ஆகாது என்று தீபாவளிக்கு முன்பே மெக்கானிக் சொன்னார். "நாங்க ஏசியே போடறதில்ல, ஹீட்டர் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு வந்த மகானுபாவர் இவர். அது சூடாக்குவது இன்ஜினை, இவரை அல்ல என்று யார் புரியவைப்பது?

சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் திம்மப்பன் வந்தார். லாரி ஓட்டி ஓய்ந்த கன்னடக்காரர். "நீ எறங்குப்பா, கிளச்ச நா பாத்துக்கறேன்" என்று ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். வண்டியைத் தள்ள மாடியில் குடியிருக்கும் மணிவேலை எழுப்பினோம். திருநெல்வேலியிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறது. இஸ்திரி போட்ட புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நானும் கை வைத்தேன்.

வண்டி நகர்ந்து வேகம் பிடிக்கும்போது திம்மப்பனுக்கு உற்சாகத்தில் தாய்மொழி வந்துவிட்டது.

"தள்ளி! தள்ளி! இன்னூ தள்ளி!"

மணிவேல் துள்ளி விலகினான். என் கையையும் பிடித்து இழுத்தான்.

"எக்கா, தள்ளிப் போவச் சொல்லுதாரு! இன்னும் தள்ளி!"

தனியாகத் தள்ளிய ஹரீஷ் முட்டி அடிபட விழுந்தார். வண்டி நின்றுவிட்டது.

"தம்பி, கன்னடத்துல தள்ளின்னா தள்ளுங்கன்னு அர்த்தம்பா!" என்று கத்தினேன். அழுகையே வந்துவிட்டது. மணி ஆறு பத்து.

மறுபடி தள்ளினோம். மூச்சிரைக்க மெயின் ரோட்டைத் தொட்டபோது கம்பெனி பஸ் பின்னால் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"மேடம், ஏர்றீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஹரீஷ் முந்திக்கொண்டார். "வேணாங்கண்ணா, அவ கார்ல வர்றா."

எனக்கு வந்ததே ஆத்திரம்!

"கார் எங்கங்க வருது? நாமதான அதக் கூட்டிட்டு வர்றோம்?"

பையை எடுத்துக்கொண்டு பஸ் படியில் ஏறினேன். அவரும் மணிவேலும் தள்ளுவதை விடவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பாழாய்ப்போன வண்டி புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது.

"சுகுணா! பிடிச்சிருச்சு! எறங்கு, எறங்கு!"

பஸ் வாசலுக்கே ஓடிவருகிறார். குரலில் அவ்வளவு சந்தோஷம். திரும்பி அந்த முகத்தைப் பார்த்தால் இறங்கிவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்துக்காகத்தான் எல்லாவற்றிலிருந்தும் இறங்கியிருக்கிறேன்.

"அண்ணா, எடுங்க" என்றேன்.