பழனியப்பனுக்குக் கிடைத்த மரியாதை

வரி அலுவலகத்தின் கவுண்டர் ஊழியர்களுக்கு மரியாதைப் பயிற்சி நடந்தது. முடிவில் பயிற்சித் தலைவர் ஹென்றி, "பயன் இருந்துச்சா? கை தூக்குங்க" என்றார். அதே நேரம் பின்னால் பிரியாணி மூடியைத் திறந்தார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

தலைமையகம் கைகளை நம்பவில்லை. வரி கட்டுபவர்போல் ஒருவரை அனுப்பிச் சோதிக்கச் சொன்னது. ஹென்றி குமுதாவை அனுப்பினார். மதிப்பீட்டுப் பிரிவில் அவளுக்கு ஒப்பந்த வேலை. மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது.

"நல்ல ரிசல்ட் கொண்டு வாங்க. வேலையப் பத்தி அப்புறம் பேசுவோம்."

பிரிக்பீல்ட்ஸ் கவுண்டருக்குக் குமுதா தையல்கடைக்காரியாகப் போனாள். கையில் பிளாஸ்டிக் பை நிறையக் கசங்கிய ரசீதுகள். யாரோ சோதிக்க வருகிறார் என்ற செய்தி அவளுக்கு முன்பே அங்கே போயிருந்தது.

கவுண்டரில் இருந்த விமலன் பையைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னக்கா இது, பாசார்ல மீன் வாங்கிட்டு வந்தீங்களா? அடுக்கிட்டு வாங்க லா."

குமுதா ஓரமாக உட்கார்ந்து ரசீதுகளை அடுக்கத் தொடங்கினாள். அடுத்து வாழையிலைச் சாப்பாட்டுக்கடை பழனியப்பன் வந்தார். அவர் மகள் ரசீதுகளை எல்லாம் ஒரு கோப்பில் வண்ண அட்டை வைத்துப் பிரித்துக் கொடுத்திருந்தாள். விமலன் பக்கத்துக் கவுண்டர் பக்கம் சாய்ந்தான்.

"இவருதான். எந்தக் கடைக்காரன் இப்படி ஒழுங்கா வருவான்?"

உடனே எழுந்து நின்றான். "வணக்கம் பாஸ். உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

பழனியப்பனுக்கு வியர்த்தது.

"தம்பி, நான் என்ன தப்பு பண்ணேன்?"

வேலை முடிந்ததும் விமலன் வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டான். பழனியப்பன் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

குமுதா நடந்ததை ஹென்றியிடம் அப்படியே சொன்னாள்.

"அந்தச் சாப்பாட்டுக்கடைக்காரரை நல்லா கவனிச்சாங்கதானே? அப்போ பயிற்சி வேலை செய்யுது."

"நாம அனுப்பின ஆளுன்னு நினைச்சுத்தான் சார் கவனிச்சாங்க. என்னை விரட்டிட்டாங்க."

"நீங்க அசல் வரி கட்டுறவங்க மாதிரியே போயிருக்கீங்க. அது யார் தப்பு?" ஹென்றி கொஞ்சம் யோசித்தார். "பயிற்சி உங்களுக்குத்தான் வேணும். அதை முடிங்க, இன்னும் ஒரு வருஷம் தரேன்."

பயிற்சி சுபாங் ஜெயாவில் நடந்தது. சோதிக்கப் போகிறவர் எப்படி உட்கார வேண்டும், கோப்புகளை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினார்கள். வண்ண அட்டைகளும் தந்தார்கள்.

கடைசியில் ஹென்றி மேடையேறினார்.

"பயன் இருந்துச்சா?"

மூடி திறந்தது. இந்த முறை மீ கோரெங் நூடுல்ஸ்.

முதல் கை குமுதாவுடையது.